நோயாளியா, ஊனமுற்றவரா? இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள்

நான் டாக்டர் அல்ல, வக்கீலும் அல்ல. மும்பை புறநகர் ரெயில் பாதையில் ஒரு ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிளார்க். கவுண்ட்டர் கண்ணாடியில் உள்ள சிறிய துவாரத்தின் வழியாக ஒரு நாளைக்கு எத்தனையோ கைகள் உள்ளே வருகின்றன. பெரும்பாலான கைகளில் பணம் மட்டும் இருக்கும். சில கைகளில் ஒரு காகிதமும் சேர்ந்து வரும். அதுதான் சலுகைச் சர்டிபிகேட்.

இந்தக் காகிதங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, "இவர் ஊனமுற்றவர்" என்று சொல்லும். மற்றொன்று, "இவர் நோயாளி" என்று சொல்லும். இரண்டுக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனி விதி. ஒருவர் இரண்டுமாக இருந்தால் என்ன செய்வது? அல்லது, இரண்டிலும் இல்லை என்று சட்டம் சொல்லி, உடம்பு மட்டும் "இரண்டும்தான்" என்று சொன்னால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி எனக்குக் கவுண்ட்டரில் தோன்றவில்லை. ரெயில் பெட்டிக்குள் தோன்றியது.

"எழுந்திரு தம்பி!"

போன மழைக்காலத்தில் ஒரு மாலை. என் அத்தானை, அதாவது என் அக்காள் கணவரை, ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தேன். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. செயற்கைக் கால் போட்டிருக்கிறார். ஆகவே ஊனமுற்றோர் பெட்டியில் ஏறினோம்.

மும்பை லோக்கல் வண்டியில் போகிறவர்களுக்கு இந்தப் பெட்டியைத் தெரியும். சிறிய பெட்டி. ஊனமுற்றோருக்கும் கேன்சர் நோயாளிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. கர்ப்பிணிப் பெண்களும் ஏறலாம். உரிமையில்லாதவர்கள் ஏறினால் 1989ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 155வது பிரிவுப்படி அபராதம் உண்டு. ஆனாலும் மாலை 6 மணிக்கு இந்தப் பெட்டியிலும் கை கால் நல்லபடியாக உள்ளவர்கள் ஏறிவிடுவார்கள். ஆகவே உள்ளே இருப்பவர்கள் எப்போதும் சந்தேகக் கண்ணோடுதான் இருப்பார்கள்.

சயான் ஸ்டேஷன் தாண்டியது. மூலை இருக்கையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். வயது 22 அல்லது 23 இருக்கும். முழுக்கைச் சட்டை, தோளில் பை. பார்ப்பதற்கு ஆபீஸ் முடிந்து போகிறவன் மாதிரி இருந்தான். என் அத்தான் அவனைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

இந்தியில் நாலு வார்த்தை சொன்னார். பையன் பதில் சொல்லவில்லை. உடனே தமிழில் என்னிடம், "பாத்தியா மாப்ளே, கல்லு மாதிரி இருக்கான். நொண்டிப் பெட்டியிலே வந்து சொகுசா உக்காந்திருக்கான். இவனையெல்லாம் போலீசிலே புடிச்சுக் குடுக்கணும்" என்றார்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். "அண்ணாச்சி, எந்திரிச்சுருதேன். சண்டை போடாதீங்க" என்று தமிழில் சொன்னான். அதுவும் எங்கள் திருநெல்வேலித் தமிழ்.

எழுந்தான். வண்டி ஆடியது. மேலே தொங்கும் பிடியைப் பிடிக்க இடது கையைத் தூக்கினான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு அந்தக் கையை இறக்கி, வலது கையால் கம்பியைப் பிடித்தான். சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே, தோலுக்கு அடியில், கயிறு போல ஒன்று தடித்துப் புடைத்திருந்தது. அதன் மேல் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. கவுண்ட்டரில் இந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் கை.

பார்வைக்குத் தெரியாத பாரம்

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனவர்களுக்கு ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். வாரம் 2 அல்லது 3 முறை. ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். இதற்காகக் கையில் ஒரு சிறு ஆபரேஷன் செய்து, சுத்த ரத்தக் குழாயையும் அசுத்த ரத்தக் குழாயையும் இணைத்து வைக்கிறார்கள். அந்த இணைப்பு அடைபட்டால் சிகிச்சைக்கே வழி இல்லை. ஆகவே அந்தக் கையில் பாரம் தூக்கக்கூடாது, அழுத்தம் கொடுக்கக்கூடாது, ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக்கூடாது. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும்.

டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும். தலை சுற்றும். அந்த நிலையில் மாலை நேர லோக்கல் வண்டியில் பொதுப் பெட்டியில் ஏறி, நெரிசலில் நசுங்கி, அந்தக் கையைக் காப்பாற்றிக்கொண்டு நிற்க முடியுமா? ஆகவேதான் அந்தப் பையன் இந்தப் பெட்டியில் ஏறியிருக்கிறான்.

ஆனால் பெட்டியின் வெளியே உள்ள பலகையில் "கிட்னி நோயாளி" என்று எழுதியிருக்கவில்லை. பலகையின்படி என் அத்தானுடைய கோபம் நியாயம். பையனுடைய உடம்பின்படி அது அநியாயம்.

நான் மெதுவாக அத்தானிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேசவில்லை. குர்லாவில் இரண்டு பேர் இறங்கினார்கள். அத்தான் ஊன்றுகோலை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, "உக்காருப்பா" என்றார். அதன் பிறகு தாணா வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

வீடு சேர்ந்த பிறகு அக்காளிடம் அவர் சொன்னது இதுதான்: "எனக்கு நடந்ததை மறந்துட்டேனே!"

அவருக்கு என்ன நடந்தது?

8 ஆண்டுகள் கணக்கில் இல்லை

என் அத்தான் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். 38 வயதில் சர்க்கரை நோய் என்று சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்டார், சில நாள் சாப்பிடாமலும் விட்டார். இரண்டு மூன்று ஆண்டுகளில் பாதம் எரிய ஆரம்பித்தது. இரவில் தூங்க முடியாது. பிறகு எரிச்சல் குறைந்தது. குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். உண்மையில் குணமாகவில்லை. நரம்புகள் மரத்துப் போயிருந்தன.

அந்த நாட்களில் மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் அரை நாள் போய்விடும். பட்டறை முதலாளி, "உனக்கு என்ன, கை காலெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது? சர்க்கரை யாருக்கு இல்லை?" என்று கேட்டு, கூலியைப் பிடித்துக்கொள்வாராம். கூலி போகிறதே என்று அத்தான் ஆஸ்பத்திரியை விட்டார். ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் ஊனமுற்றோர் பெட்டியில் ஏறிவிட்டார். அங்கிருந்தவர்கள் சண்டை பிடித்து அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள். அவர் மறந்தது இதைத்தான்.

8வது ஆண்டில் பட்டறையில் ஒரு சிறிய ஆணி, செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறியது. அவருக்குத் தெரியவில்லை! அன்று முழுவதும் ஆணியோடு நடந்திருக்கிறார். இரவு செருப்பைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்து அக்காள்தான் அலறினாள். புண் ஆறவில்லை. அழுகியது. முதலில் விரல், பிறகு பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆயுள் முழுக்கத் தோலோடு பழகியவர் கால், ஒரு நல்ல செருப்பு இல்லாமல் போயிற்று.

கால் போன பிறகு அவருக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. ரெயில் பெட்டியில் இடம் கிடைத்தது. யாரும் "உனக்கென்ன" என்று கேட்பதில்லை. கால் இருந்த 8 ஆண்டுகளும் அவர் கஷ்டப்பட்டார். ஆனால் எந்தக் கணக்கிலும் அவர் இல்லை.

நோய் வேறு, ஊனம் வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். என் அத்தானுடைய உடம்பில் இரண்டுக்கும் நடுவே எந்த இடத்தில் கோடு போடுவது? ஆணி குத்திய அன்றா? உணர்ச்சி போன அன்றா? பாதம் எரிந்த முதல் இரவிலா?

நான்கு வழிகள்

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, என் கவுண்ட்டருக்கு வருகிறவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தேன். தெரிந்த டாக்டர்களிடமும் கேட்டேன். நோயும் ஊனமும் நான்கு விதமாக ஒன்றோடொன்று கலக்கின்றன என்று எனக்குப் புரிந்தது.

முதல் வழி, நோய் முற்றி ஊனமாவது. சர்க்கரை நோய் காலை எடுக்கிறது, கண்ணின் உள்திரையைக் கெடுத்துப் பார்வையையும் எடுக்கிறது, சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. ரத்தக் கொதிப்பு ஒரே நாளில் பக்கவாதமாகிவிடுகிறது. மூட்டுவாதம் விரல்களை மடக்கிவிடுகிறது.

இரண்டாவது வழி, நோய் போய் ஊனம் தங்குவது. இதற்குத் தொழுநோய் சாட்சி. மும்பை வடாலாவில் 1890ல் ஏற்பட்ட ஆக்வர்த் தொழுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த நோய்க்கு மருந்தே இல்லை. 1981ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தது. இன்று 6 மாதம் அல்லது 12 மாதம் மருந்து சாப்பிட்டால் நோய் தீர்ந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் செத்துப்போன நரம்பு திரும்ப வராது. மடங்கிய விரல் தானாக நிமிராது. நோயாளி அல்லாத அந்த மனிதரை ஊர் நோயாளியாகவே பார்க்கிறது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்று இருந்த சட்டத்தைக்கூட 2019ல்தான் நீக்கினார்கள்.

மூன்றாவது வழி, ஊனம் நோயைக் கொண்டுவருவது. என்னோடு வேலை பார்க்கும் ஒரு சீனியர் கிளார்க்குக்குக் குழந்தையில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. ஆனால் முன்பு போலியோ கண்டவர்கள் நம்மிடையே லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 50 வயதுக்கு மேல் இவருக்குப் புதிதாகச் சோர்வும் வலியும் வந்தன. இத்தனை நாள் தாங்கிய நல்ல காலும் தளர ஆரம்பித்தது. போலியோ வந்து பல ஆண்டுகள் கழித்து இப்படி ஒரு பின்விளைவு வருவது உண்டு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதேபோல முதுகுத்தண்டு அடிபட்டு வண்டியில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் ஓயாத தொல்லை.

நான்காவது வழிதான் கஷ்டமானது. நோயே ஊனமாக இருப்பது. வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. டயாலிசிஸ் பையன் இந்த வகை. தலசீமியா உள்ள பிள்ளைகள் இந்த வகை. குடல் கேன்சருக்கு ஆபரேஷன் செய்து வயிற்றில் பை கட்டியிருப்பவர் இந்த வகை. சட்டையைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. இன்றைக்கு நன்றாக நடப்பார். நாளைக்கு எழுந்திருக்க மாட்டார். "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்?" என்ற கேள்விதான் இவர்களுக்குப் பெரிய தண்டனை.

சட்டம் என்ன சொல்கிறது?

1995ம் ஆண்டு சட்டத்தில் ஊனம் 7 வகை. கண், காது, கை கால், மனவளர்ச்சி, மனநோய், குணமான தொழுநோய் என்று அந்தப் பட்டியல் முடிந்துவிட்டது. 2016ல் புதிய சட்டம் வந்தது. அதில் 21 வகை. முதல் தடவையாக ரத்த சம்பந்தமான மூன்று நோய்கள் ஊனப் பட்டியலில் ஏறின: ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் நோய். நரம்பு சம்பந்தமாக பார்க்கின்சன் நோயும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயும் ஏறின. அதாவது, நீடித்த நோயும் ஊனமாகலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் சிறுநீரகக் கோளாறு, இருதய நோய், கேன்சர், சர்க்கரை நோய் ஆகியவை அந்த 21ல் இல்லை. அவற்றால் காலோ கண்ணோ போனால்தான் பட்டியலுக்குள் வரலாம்.

சரி, எங்கள் ரெயில்வே என்ன செய்கிறது? 2020 மார்ச்சில் பல கட்டணச் சலுகைகள் நிறுத்தப்பட்டன. முதியோர் சலுகை அதில் போயிற்று. ஊனமுற்றோரில் 4 பிரிவுக்கும், நோயாளிகளில் 11 பிரிவுக்கும், மாணவர்களுக்கும் சலுகை நீடித்தது. அந்த 11 நோய்களில் கேன்சர், இருதய நோய், சிறுநீரக நோய், காச நோய், தலசீமியா, ஹீமோபிலியா, சிக்கிள் செல் எல்லாம் இருக்கின்றன.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறுநீரக நோயாளி ரெயில்வேக்கு நோயாளி. ஊனச் சட்டத்துக்கு யாரும் இல்லை. தலசீமியா உள்ளவர் சட்டத்துக்கு ஊனமுற்றவர், ரெயில்வேக்கு நோயாளி. பார்க்கின்சன் உள்ளவர் சட்டத்தில் ஊனமுற்றவர். ரெயில்வேயின் 11 நோய்களில் அந்தப் பெயர் இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஊனமுற்றவருக்குக் கொடுக்கும் சலுகையில் அவர் எந்தக் காரியத்துக்கும் போகலாம். கல்யாணத்துக்குப் போகலாம், ஊருக்குப் போகலாம். நோயாளிக்குக் கொடுக்கும் சலுகை பெரும்பாலும் சிகிச்சைக்கு மட்டும்.

உல்லாஸ்நகரில் ஒரு சிந்திக் குடும்பம் எனக்குப் பழக்கம். அவர்கள் மகளுக்குத் தலசீமியா. மாதம் ஒன்று அல்லது இரண்டு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தில் உள்ள இரும்பு உடம்பில் தங்கி இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். அதை வெளியேற்றத் தினமும் மருந்து. அந்தப் பெண் இத்தனைக்கும் நடுவே பி.காம். படித்தாள். ஒரு நாள் என்னிடம், "அங்கிள், நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் டிக்கெட்டில் சலுகை, வேலைக்குப் பரீட்சை எழுதப் போனால் முழு டிக்கெட். அப்படியானால் நான் நோயாளியாக இருப்பதைத்தான் சர்க்கார் விரும்புகிறதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வேலை விஷயத்திலும் இதே கதை. 2016 சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கு அரசு உயர்கல்வி நிலையங்களில் 5 சதவீத இடம் உண்டு. அதில் இந்தப் பெண்ணுக்கும் பங்கு உண்டு. அரசு வேலையில் 4 சதவீத இடம் உண்டு. ஆனால் அந்த 4 சதவீதத்துக்கு உரியவர்கள் என்று சட்டம் எழுதியிருக்கும் பிரிவுகளில் ரத்த நோய்கள் இல்லை. படிக்கக் கதவு திறந்தது, வேலைக்கு மூடியிருக்கிறது.

வேலை போகுமா?

இதைப் படிக்கும் குமாஸ்தாக்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மனதில் உள்ள முதல் பயம் இதுவாகத்தான் இருக்கும். நோயை வெளியே சொன்னால் வேலை போய்விடுமோ? எனக்குத் தெரிந்து ஒருவர் 6 ஆண்டுகளாக வலிப்பு நோயை ஆபீசில் மறைத்து வைத்திருந்தார். மாத்திரையைப் புகையிலை டப்பாவில் வைத்துச் சாப்பிடுவார்!

அரசுப் பணியில் இருப்பவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால் அவரை நீக்கக்கூடாது; பதவியும் குறைக்கக்கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். வேறு வேலை இல்லையென்றால், கிடைக்கும்வரையிலோ ஓய்வு பெறும்வரையிலோ கூடுதல் பதவி ஒன்றை உண்டாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். 2016 சட்டத்தின் 20வது பிரிவு இது. 1995 சட்டத்தில் இது 47வது பிரிவாக இருந்தது. கால் இழந்து வேலையிலிருந்து அனுப்பப்பட்ட குணால் சிங் என்ற காவலரின் வழக்கில் 2003ல் சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவை வைத்துத்தான் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

ரெயில்வே சிப்பந்திகளுக்கு இது புதிதல்ல. எங்களுக்கு ஏ-1 முதல் சி-2 வரை மருத்துவத் தகுதிப் பிரிவுகள் உண்டு. வண்டி ஓட்டுபவர் ஏ-1. அவருக்குக் கண் மங்கினால் அந்தப் பிரிவிலிருந்து இறக்கி, வேறு வேலைக்கு மாற்றுவார்கள். என் ஆபீசிலேயே அப்படி வந்தவர் ஒருவர் இருக்கிறார். வண்டி ஓட்டிய கைக்குப் பேனா பிடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. ஆனால் குடும்பம் பட்டினி கிடக்கவில்லை.

தனியார் பட்டறையில், கடையில், கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த 20வது பிரிவுப் பாதுகாப்பு கிடையாது. என் அத்தானைக் கால் போன மறுமாதமே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண நோய் லீவுக்குக் கிடைக்கும் 91 நாள் பணத்தோடு கதை முடிவதில்லை. காச நோய், கேன்சர் போன்ற குறிப்பிட்ட நீடித்த நோய்களுக்கு, 2 ஆண்டு வேலையும் போதிய சந்தாவும் இருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் வீதம் 2 ஆண்டுகள்வரை கிடைக்க வழி இருக்கிறது. இது தெரியாமல் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோர்ட் திறந்த கதவு

40 சதவீதம் என்ற அளவுகோலைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு உள்ள ஒரு மாணவர், யு.பி.எஸ்.சி. பரீட்சையில் தமக்காக எழுதுவதற்கு ஆள் கேட்டார். 40 சதவீத ஊனம் இல்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், இட ஒதுக்கீட்டுக்கு உள்ள 40 சதவீத அளவை இந்த உதவிக்குக் கேட்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. நீண்ட நாள் கோளாறும், சமுதாயம் வைத்திருக்கும் தடையும் சேர்ந்துதான் ஒருவரை ஊனமுற்றவர் ஆக்குகிறது என்பதுதான் சட்டத்தின் விளக்கம். 2022ல் இதற்கான அரசு விதிமுறைகளும் வந்தன.

இந்த விளக்கத்தை மனதில் வைத்துப் பார்த்தால் அந்த டயாலிசிஸ் பையன் யார்? நோய் அவனுடையது. நெரிசல் நம்முடையது. இரண்டும் சேரும்போதுதான் அவன் நிற்க முடியாதவன் ஆகிறான்.

என்ன செய்யலாம்?

வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த நாம், "சர்டிபிகேட் வாங்க ஊருக்குத்தான் போக வேண்டும்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல. குடியிருப்புச் சான்றில் உள்ள மாவட்டத்தில் விண்ணப்பிக்கலாம். அல்லது அந்த ஊனத்துக்காகச் சிகிச்சை பெறும் அரசு ஆஸ்பத்திரியிலும் விண்ணப்பிக்கலாம் என்று 2017ம் ஆண்டு விதி சொல்கிறது. அப்படி வாங்கிய சர்டிபிகேட் இந்தியா முழுவதும் செல்லும். மறுத்துவிட்டால் மேல்முறையீடும் செய்யலாம்.

ஆஸ்பத்திரிக் காகிதம் எதையும் எறிய வேண்டாம். முதல் சீட்டிலிருந்து தேதி வரிசையாக ஒரு பையில் போட்டு வையுங்கள். நோய் என்று ஆரம்பித்தது, எப்போது ஊனமாக மாறியது என்பதற்கு அதுதான் சாட்சி. என் அத்தானிடம் அந்த 8 ஆண்டுக் காகிதம் ஒன்றுகூட இல்லை.

ரெயில் சலுகைக்கு அதற்குரிய படிவத்தில்தான் டாக்டர் எழுதித் தர வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் கவுண்ட்டரில் ஏற்க முடியாது. கை கால் ஊனமுற்றவர்களுக்கான படிவத்தில், துணையில்லாமல் பயணம் செய்ய முடியாது என்றும் எழுதியிருக்க வேண்டும். இதைத் தெரியாமல் வந்து என்னிடம் திட்டு வாங்கியவர்களும், என்னைத் திட்டியவர்களும் உண்டு.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். எரிச்சல் திடீரென்று நின்றுபோனால் சந்தோஷப்பட வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு கிடைக்கிறது. கால் போன பிறகு கிடைக்கும் சர்டிபிகேட்டைவிட அது மலிவு.

கடைசியாக ஒன்று.

என் அத்தான் இப்போதும் அதே வண்டியில், அதே பெட்டியில் போகிறார். உரிமையில்லாதவர்களோடு சண்டையும் போடுகிறார். அதை அவர் விடவில்லை, விடவும் கூடாது. ஆனால் சண்டைக்கு முன்னால் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

"உடம்புக்கு என்னப்பா?"

பொய் சொல்கிறவன் இந்தக் கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விடுகிறானாம். மற்றவர்கள் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுகிறார்களாம். அல்லது பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுக்கிறார்களாம். "காகிதம் எதுக்குப்பா, உக்காரு" என்று இவர் நகர்ந்து கொடுக்கிறார்.

டயாலிசிஸ் பையனை அவர் மறுபடியும் பார்த்தாரா என்று கேட்டேன்.

"செவ்வாய், வெள்ளி வருவான். அவனுக்குன்னு மூலையிலே இடம் போட்டு வச்சிருக்கோம் மாப்ளே" என்றார்.